சந்தனம் காயாத தலை

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. மலையில் எடுத்து வகுப்புக் குழுவில் போட்ட தன் படத்தைப் போனில் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள்.

“அம்மா பொழைச்சிட்டாங்க, வேண்டிக்கினபடி முடி குடுத்துட்டேன்க்கா. கிளாஸ் பசங்க ‘தேங்கா’ன்னு போட்டு சிரிச்சிக்கினு கீறாங்க.”

“இந்த பஸ்ல பாதிப் பேரு மொட்டைதான். யாராவது உன்னப் பாத்து சிரிச்சாங்களா?”

போன் மறுபடி மினுங்கியது. பார்த்தவள், அதை ஜன்னல் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். திரைக் கண்ணாடி தெறித்து உள்ளங்கை கிழிந்தது. போன் செத்த பிறகும் அடித்தாள்.

கையைப் பிடித்து இழுத்து என் கைக்குட்டையைச் சுற்றினேன். முடிச்சுப் போடுவதற்குள் ரத்தம் ஒழுகும் அதே கையை நீட்டினாள்.

“அக்கா, உங்க போனக் குடுங்க. இப்ப என்னா போட்டுக்கீறாங்கன்னு பாத்துட்டுத் தரேன்.”