ஆறு மணி நேரம் மிதிக்காத கால்

தையல்காரியின் வலது கால் யார் பேச்சையும் கேட்காது. முப்பது வருடம் தையல் மிஷின் மிதித்த கால். கண் அசந்தால் போதும், படுக்கையிலும் மிதிக்கும்.

இடது மார்பில் கட்டி தோலைப் பற்றிக்கொண்டு விரிந்துவிட்டது. கத்தி வைக்க வழியில்லை. வழக்கமான கீமோவுக்கும் அது மசியவில்லை.

"வலது தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, கட்டிக்கு ரத்தம் போற இடத்திலேயே மருந்த விடுவோம்," என்றார் டாக்டர். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். சுருங்கினா ஆபரேஷன் பண்ணலாம். மருந்து ஏத்தினதும் ஆறு மணி நேரம் கால மடக்கக் கூடாது, தலையத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! முதல் முறையே, மூன்றாவது மணி நேரத்தில், தூக்கத்தில் கால் மிதித்தது. தொடையில் போட்டிருந்த கட்டுத்துணியை மீறி ரத்தம். நர்ஸ் இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தாள். தொடை கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்த வைத்தியத்த நிறுத்த வேண்டியதுதாம்மா," என்றார் டாக்டர் கறாராக.

கூட இருந்து பார்த்துக்கொண்டவள் கணவனின் அக்கா.

"கால கட்டிலோட சேத்துக் கட்டிடவாடி?"

"கட்டிலும் சேந்து மிதிக்கும்க்கா."

"வாய் மட்டும் சுருங்கல பாரு!"

நாத்தனார் ஒரு வாரம் தையல் கடையில் உட்கார்ந்து அந்தக் காலையே கவனித்தாள். துணி வெட்டும்போது ஆடியது. வாடிக்கையாளரிடம் பேசும்போதும் ஆடியது. தையலைப் பிரிக்கும்போது மட்டும் மரக்கட்டை மாதிரி கிடந்தது.

இரண்டாம் முறை வார்டுக்கு ஒரு பை நிறையப் பழைய பேண்ட்கள் போயின. தலையைத் தூக்கக் கூடாதே! மல்லாந்தபடி, வயிற்றின் மேல் துணியை வைத்து, விரலால் தடவித் தடவியே தையலைப் பிரித்தாள் தையல்காரி.

"தூங்கினா கிள்ளுவேன்."

"ஐயோ, இப்பவே கிள்ளிட்டீங்களே!"

"அது ஒத்திகைடி."

நான்காவது மணி நேரத்தில் நர்ஸ் வந்து, "என் யூனிபார்ம் இடுப்பையும் கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா?" என்றாள். ஆறு மணி நேரம் முடிந்தபோது தொடைக் கட்டுத்துணியில் ஒரு சொட்டுக் கறை இல்லை. மூன்றாம் முறையும் அப்படியே ஓடியது.

டாக்டர் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாம்."

கட்டிக்காகத் தன் சட்டையின் இடது பக்கத்தைத் தளர்த்தி வைத்திருந்தாள் தையல்காரி. கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்தாள். கால் அசையவே இல்லை. பிடித்துத் தைக்க மிஷினில் வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? மிதிடி!"