மூன்றாவது பெடல்

மருத்துவமனையில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் என்பதால் நர்சுகள் வைத்த பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பைப் பார்த்திருப்பாள். அவர்களில் ஒருவரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. படம் எடுத்து முடிந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர்கள் கதவைத்தான் பார்ப்பார்கள்.

அவளுக்கு ஐம்பது தாண்டியபோது அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன் சில வருஷம் அப்பா படுக்கையில், பிறகு பல வருஷம் அம்மா. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வீட்டில் யாருக்காவது மருந்து கொடுக்கும் நேரமாக இருந்தது. ஒரே தம்பி கடல் தாண்டிப் போய், அங்கேயே வேலை, மனைவி, குழந்தைகள் என்று வேர் பிடித்துவிட்டான். அம்மாவின் இறுதிக் காரியத்துக்கு வந்தவன் கிளம்பும்போது, "வாராவாரம் கூப்பிடுறேன்க்கா" என்றான். சொன்ன சொல் தவறவில்லை. "சாப்டியா? உடம்பு பரவாயில்லையா? சரிக்கா, பசங்க கூப்பிடுறாங்க" என்பதோடு அந்த வாரப் பேச்சு முடிந்துவிடும். அவனைக் குறை சொல்ல முடியாது. அவளிடமும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. அம்மாவின் சக்கர நாற்காலியை வைக்க வசதியாக, பெரிதாகப் பார்த்து வாங்கியது. அம்மா போன பிறகு, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அந்தக் காலிப் பின் சீட்டு தெரியும். கண்ணாடியைத் திருப்பி வைத்தும் பார்த்தாள். பின்னால் வரும் வண்டி தெரியாமல் போய், திட்டு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் காரை விற்றுவிட்டு, வேறு வண்டி பார்க்கப் போனாள். ஷோரூமில் சுற்றி வந்தவள் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். இரண்டே சீட்டு. பின்னால் ஒன்றுமே கிடையாது.

ஷோரூம்காரர் பக்கத்தில் வந்தார். "பையனுக்குப் பார்க்கிறீங்களா மேடம்?"

"எனக்குத்தான்."

அவர் ஒரு கணம் தடுமாறி, சமாளித்துக்கொண்டார். "உங்களுக்குன்னா முதல்ல ஒண்ணு முடிவு பண்ணணும். மேனுவலா, டூயல் கிளட்ச்சா?"

மேனுவல் அவளுக்குத் தெரியும். பழைய காரும் அதுதான். மற்றதை அவர் விளக்கினார். அதில் இரண்டு கிளட்ச். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் கியரைப் பிடித்திருக்கும், இன்னொன்று அடுத்த கியரைத் தயாராக வைத்துக் காத்திருக்கும். கண் இமைப்பதற்குள் மாறிவிடும். இடது காலால் மிதிக்கும் மூன்றாவது பெடல் கிடையாது. "நம்ம கால் எவ்வளவு வேகமா மிதிச்சாலும் அதுகிட்ட தோத்துடும் மேடம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டபோது, சொல்ல வேறு எதுவும் இல்லாததால் இதைச் சொன்னாள்.

"என்னது? ஸ்போர்ட்ஸ் காரா? நீயா?"

"ஏன்டா, நான் ஓட்டக் கூடாதா?"

"ஓட்டு, ஓட்டு. ஆனா இவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு ரெண்டு சீட்டு வண்டியா?"

"அஞ்சு சீட்டுல ஒருத்தியாப் போறதுக்கு ரெண்டு சீட்டுல ஒருத்தியாப் போறது தேவலை."

அவன் சிரித்தான். ரொம்ப நாளாயிற்று அவன் அப்படிச் சிரித்து. பிறகு பிடித்துக்கொண்டான்: மேனுவல் எல்லாம் வேண்டாம், அதுவும் வலிக்கிற இடது முழங்காலை வைத்துக்கொண்டு. இவள் விடவில்லை. ஊர்ந்து போகிற நெரிசலில் டூயல் கிளட்ச் வெட்டி வெட்டி இழுக்குமாமே, ரிப்பேர் என்று வந்தால் எல்லா மெக்கானிக்கும் கை வைக்க மாட்டானாமே என்றாள். பசங்க கூப்பிட்டும் அவன் எழுந்து போகவில்லை.

மறுநாளே டூயல் கிளட்ச் பற்றி ஒரு வீடியோ அனுப்பினான். புதன்கிழமை, ஞாயிறு வரை பொறுக்காமல் அவனே கூப்பிட்டான். மருத்துவமனை சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து மூச்சக்கா போனில் வாதாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நர்சுகள் ஆச்சரியப்பட்டார்கள். அக்காவுக்குப் பேசக்கூட ஆள் இருக்கிறதா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

இப்படியே மாதங்கள் ஓடின. ஷோரூம்காரர் போன் செய்யும்போதெல்லாம், "முழங்காலைக் காட்டிட்டுச் சொல்றேன்" என்பாள். ஒருநாள் நிஜமாகவே தன் முழங்காலைப் படம் எடுக்கச் சொல்லி, எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனாள். தேய்மானம் அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"கிளட்ச் மிதிக்கலாமா டாக்டர்?"

"மிதிக்கலாம். நெரிசல்ல மாட்டினீங்கன்னா சாயங்காலம் ஐஸ் வைக்க வேண்டியிருக்கும். ஆனா உங்க கார் பேச்சு மாசக்கணக்கா ஆஸ்பத்திரி முழுக்க ஓடுதே, இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

அவள் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டாள். முடிவு எடுத்துவிட்டால் தம்பி எதற்குக் கூப்பிடுவான் என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஷோரூம்காரர்தான் கறாராகச் சொன்னார்: "ரெண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க மேடம். இதுக்கு மேல அந்த மேனுவலை நான் நிறுத்தி வைக்க முடியாது."

முதலில் டூயல் கிளட்ச். ஊருக்கு வெளியே ஏறி இறங்கும் சாலை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குறையும் இல்லை. கை சும்மா இருந்தது, இடது கால் சும்மா இருந்தது. மனசும் சும்மா இருக்க ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் வீடு வந்து உட்கார்ந்துகொண்டது. பூட்டிய அம்மா அறை, ஒரே ஒரு தட்டு காயும் கூடை, தான் போட்டால் மட்டும் எரியும் விளக்குகள். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஷோரூம்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேனுவல். அதே சாலை. மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும், கிளட்ச்சை விடும்போது ஆக்ஸிலரேட்டரைச் சரியாகத் தொட வேண்டும், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே அடுத்ததை யோசிக்க வேண்டும். ஒரு தடவை தப்பாகப் போட்டு வண்டி உலுக்கியது. முழங்கால் வலித்தது. வீட்டைப் பற்றி நினைக்க நேரமே இருக்கவில்லை.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னாள். "இவ்வளவு சொல்லியும்..."

"கைக்கு வேலை வேணும்டா."

"சரிக்கா. உன் இஷ்டம்."

அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. புதன்கிழமைப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாப்டியா, உடம்பு பரவாயில்லையா என்று சுருங்கியது. "வண்டி எப்படி ஓடுது?" என்று ஒரு கேள்வி மட்டும் கூடியிருந்தது. "நல்லா ஓடுது" என்பாள். ஐஸ் வைப்பதைச் சொல்லவில்லை. விடுமுறை நாளில் தனியாக மேட்டுச் சாலைக்குப் போவாள். ஓட்டும் வரைக்கும் நன்றாக இருக்கும்.

அடுத்த வருஷம் வேலை விஷயமாகத் தம்பி வந்தான். விமான நிலையத்தில் சாவியை அவனிடமே நீட்டினாள். ரொம்ப காலமாக ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டியவன், நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்குள் கிளட்ச்சைச் சரியாக விடத் தெரியாமல் மூன்று தடவை வண்டியை நிறுத்திவிட்டான். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. முகம் சிவக்க இறங்கி வந்து, "நீயே ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

அவன் நிறையப் பேசுவான் என்று நினைத்திருந்தாள். அவனோ சீட்டைச் சாய்த்து, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். வீட்டுத் திருப்பம் வந்தது. அவள் திரும்பவில்லை. சுற்றுச் சாலையைப் பிடித்து, உலுக்கல் தெரியாமல் ஒவ்வொரு கியராக மெதுவாக மாற்றி, அவன் தானாக விழிக்கும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் வரலையாக்கா?"

"ட்ராஃபிக்டா" என்றாள்.

சில நாளில் அவன் கிளம்பிப் போனான். சாய்த்த சீட்டை அவள் நிமிர்த்தவில்லை. பிறகு ஒரு மழை நாளில், பஸ் கிடைக்காத நர்ஸ் ஒருத்தி ஓடி வந்து ஏறினாள். "என்னக்கா இது, கட்டில் மாதிரி போட்டு வச்சிருக்கீங்க?" என்று தானே நிமிர்த்திக்கொண்டாள். வழியெல்லாம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சக்கா கியரை மாற்றுவதைக் குறைத்துக்கொண்டு கேட்டாள். தெருமுனை வந்ததும் நர்ஸ் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி இறங்கி ஓடினாள். நிமிர்ந்த சீட்டை மூச்சக்கா அப்படியே விட்டாள்.