சேனல் வீட்டில் நான் வெட்டிய கை

கோபம் வந்தால் அடிக்க என் கை நீளும் என்பது எனக்கு முன்பே தெரியும். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் வாடகைக்கு இருந்தோம். கரையான் அரித்த உத்தரம் ஒரு மதியம் முறிந்து என் மனைவியின் தோளில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, வீட்டுக்காரரை அவர் வாசலிலேயே அறைந்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெருவில் ஒருவரும் என்னைத் தப்பு சொல்லவில்லை. அதுதான் கெடுதலாகப் போயிற்று. என் கோபத்துக்கு எப்போதும் நியாயம் இருக்கும் என்று நம்பத் தொடங்கினேன்.

உலோகங்கள் ஏன், எப்படி அரிக்கின்றன என்று ஆராய்வது என் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலோரமாக மனை வாங்கி, ஒரு துண்டு மரம்கூட இல்லாத வீடு கட்ட நினைத்தேன். துத்தநாகம் பூசி, 'ப' வடிவில் மடித்த மெல்லிய இரும்புச் சேனல்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நிறுத்தி, இருபுறமும் சிமென்ட் போர்டு அடித்தால் சுவர். அப்போது அந்தப் பக்கத்தில் அப்படி வீடு கட்டியவர் யாரும் இல்லை. சென்னை ஆபீஸ்களில் இதே சேனலால் தடுப்புச் சுவர் போட்ட ஒரு ஃபிட்டரைப் பிடித்தேன். செங்கல்பட்டுக்கு அருகே ஒரு கிராமத்துக்காரர். அப்பா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். நான் 'டா' போட்டேன். அவர் 'சார்' என்றார்.

"ஆபீஸ்ல நான் போட்ட சொவுத்து மேல மேனேஜரு தான் சாய்வாரு சார். இங்க பொயலே வந்து சாயுமே!" என்று முதல் நாள் சிரித்தார்.

சேனலைத் தகடு வெட்டும் கத்தரியால்தான் வெட்ட வேண்டும், மெஷினில் அறுத்தால் சூட்டில் பூச்சு எரிந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் வாரம் அவர் மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து காதோடு சேர்த்து அறைந்தேன். தலை சேனலில் மோதி, காது மடலில் ரத்தம் வந்தது.

"இன்னா சார், வாயால சொன்னா பத்தாதா?"

"வாயால சொன்னேனே, கேட்டியாடா?"

மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். அறுத்த முனை ஒவ்வொன்றிலும் துத்தநாகப் பெயின்ட் அடித்தார். வந்ததால் நான் அடித்தது சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மரமே வேண்டாம் என்றதற்கு ஒத்துக்கொண்ட என் மனைவி, வாசக்கால் பூஜையை மட்டும் விட மறுத்தாள். நல்ல நேரம் பார்த்து, வாசலுக்கு நிறுத்திய இரும்புச் சேனலில் மாவிலை கட்டினோம். "இரும்புக்கு மஞ்ச பூசின மொத ஆளு நானா தான் இருப்பேன்மா" என்று ஃபிட்டர் அவளைச் சிரிக்க வைத்தார். வாசக்காலுக்குக் கீழே நவதானியமும் எழுத்துப் பொறித்த செப்புத் தகடும் வைப்பது வழக்கம். குனிந்து, தரையில் படுக்கவைத்த அடிச் சேனலுக்குள் அந்தத் தகட்டை வைத்தவன் நான். மேலே பாலும் மஞ்சள் நீரும் ஊற்றினேன். அவர் வாசல் சேனலை அதன்மேல் நிறுத்தி ஸ்க்ரூ போட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஒரு காலையில் ஃபிட்டரோடு போய்ப் பார்த்தேன். வாசல் சேனலின் அடி செம்பழுப்பாக உப்பியிருந்தது. விரல் வைத்தால் உதிர்ந்தது.

"மெஷின்ல அறுத்த துண்டத்தானேடா இங்க வெச்ச?"

"அம்மா சத்தியமா கத்திரில வெட்னது சார். மத்த எடமெல்லாம் நல்லா தான கீது? கயட்டி அடியில பாக்கலாம் சார்."

அவரைக் கழற்ற விடவில்லை. கீழே கிடந்த சேனல் துண்டை எடுத்தேன். முதல் அடி முதுகில், இரண்டாவது தோளில். மூன்றாவதற்கு அவர் வலது கையால் முகத்தை மறைத்தார். சேனலின் விளிம்பு கத்தி போன்றது. மணிக்கட்டின் உள்பக்கம் வாய் பிளந்தது. ரத்தத்துக்கு நடுவே வெள்ளையாக ஏதோ அறுந்து உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் வாசல் சேனலைப் பிடித்துக்கொண்டு சரிய, அது அடியோடு முறிந்து அவருடன் விழுந்தது.

"சார், வெரலு மடங்கல சார்" என்றார். கத்தக்கூட இல்லை.

முறிந்த இடத்தில் செப்புத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் இரும்பு தூளாகியிருந்தது. உப்பு ஈரத்தில் செம்பு தொட்டால் துத்தநாகம் முதலில் போகும், பிறகு இரும்பு போகும். கல்லூரியில் முதல் வருடம் படிப்பது. முப்பது வருடம் இதையே ஆராய்ந்தவன், மனைவி நீட்டினாள் என்று வாங்கி வைத்திருக்கிறேன். அவர் கையில் துணியைக் கட்டுவதற்கு முன்னால் நான் செய்தது, தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "குடிச்சிட்டு மெஷினைத் தொட்டுட்டான்" என்றேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். அந்த ஊரில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு அவருக்கும் தெரியும். மறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறு ஆள் வீட்டை முடித்தார். குடியேறினோம். நாலு வருடம் கழித்து, எங்கள் தெருவில் வேலை பார்த்த ஒரு மேஸ்திரியிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். "அவனா? குடிச்சிட்டுக் கைய அறுத்துக்கினவன் சார். மேல்பார்வைக்குக் கூட எவனும் கூப்டறதில்ல" என்றார். கை போனால் வாய்ச்சொல்லால் வேலை வாங்கிப் பிழைக்கலாம். அதையும் நான் அடைத்திருந்தேன்.

அவருடைய கிராமத்துக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு குட்சதே இல்ல. கட்னவ எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. என்னான்ட இன்னாத்துக்கு சொல்ற? வா, தெருவுல நின்னு சொல்லு."

குழாயடிக்கு என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனாள். சொன்னேன்.

"சத்தமா சொல்லுய்யா. ஆஸ்பத்திரில சத்தமா தான சொன்ன?"

சத்தமாகச் சொன்னேன். முடிப்பதற்குள் ஃபிட்டரின் தம்பி முகத்தில் குத்தினான். விழுந்த பிறகு யார் யார் மிதித்தார்கள் என்று தெரியாது. ஒரு குடம் வந்து நெற்றியில் பட்டது. பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. கையை உயர்த்தி முகத்தை மறைத்தேன்.

"வுடுங்கடா! செத்துப்புட்டான்னா அப்பால இத யாருடா சொல்றது?"

ஃபிட்டர் கடைத்தெருவிலிருந்து வந்திருந்தார். இடது கையால் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். மன்னித்ததாக நான் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல, உடனே கையை எடுத்துக்கொண்டார். தன்னைக் கூப்பிடாமல் விட்ட மேஸ்திரிகளின் பெயர்களை, கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம்வரை, ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொரு பேர்.

நெற்றியில் போட்ட தையலைப் பிரித்த மறுநாள் அவர்களைப் பார்க்கக் கிளம்பினேன். முதல் மேஸ்திரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னா சார் இப்போ? அவன் கை வந்துடுமா?" என்றார். வராது என்றேன். ஆனால் ஃபிட்டர் குடித்ததில்லை என்பதை இன்னொரு முறை சொல்லிவிட்டு, அடுத்தவரைப் பார்க்க பஸ் ஏறினேன்.