துரை வீட்டு டீக்கூஜாவும் நிச்சயதார்த்தத் தட்டும்

காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளையாகப் பளபளப்பது எதுவானாலும் அது வெள்ளி என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். ரயில்வே ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம், மூக்குக்கண்ணாடி, பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் எல்லாம் இருந்தன. உலோகங்களைப் பற்றி என் தலைக்குள் இருந்தது மட்டும் இந்த ஒரு வரிதான். அதுவும் இரவல். கடன் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி.

ரப்பர் விலை விழுந்து துரைமார் மூட்டை கட்டிய காலம் அது. பங்களா பங்களாவாக ஏலம் போட்டார்கள். சாலையிலிருந்து பார்த்து இத்தனை வருஷம் வாயைப் பிளந்துகொண்டிருந்த வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்தோம். உள்ளே இருந்த சாம்ராஜ்யம் என்ன? சுற்றாத கரண்டுக் காற்றாடி, பிடி கழன்ற இஸ்திரிப்பெட்டி, பம்ப் அடித்தால் மூஞ்சியில் மண்ணெண்ணெய் துப்புகிற அடுப்பு. இவற்றுக்கு முன்னால்தான் நாங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் என் மைத்துனன். தான் இல்லாமல் அந்தப் பட்டறை ஒரு வாரம் ஓடாது என்றான். இன்றுவரை ஓடுகிறது. ஏலத்தில் யாரும் சீந்தாத உடைசல்களை வாங்கிப் பிரித்து, உலோகம் உலோகமாகத் தரம் பிரித்து விற்கலாம் என்பது அவன் யோசனை. காந்தம் ஒட்டினால் இரும்பு. அரத்தால் ராவிச் சிவப்பு தெரிந்தால் செம்பு, மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சந்தேகம் வந்தால் நாக்கால் நக்கிப் பார்ப்பான். புளித்தால் ஒன்று, கரித்தால் இன்னொன்று என்பான். எது எது என்று தினம் மாற்றிச் சொல்வான். காரீயத்தைக்கூட நக்கினான். அதனால் அவன் மூளைக்குப் புதிதாக எந்தக் கெடுதலும் வந்துவிடவில்லை.

காற்றாடியைப் பிளந்து, வயிற்றிலிருந்த செம்புக் கம்பியை உருவி, அதன்மேல் சுற்றியிருந்த நூலைக் கொல்லையில் எரிப்போம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடித் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போவார்கள், எங்கள் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. கம்பியையும் அடுப்பின் பித்தளைத் தொட்டியையும் பின் தெருவில் பழைய இரும்பு வாங்கும் சீன முதலாளி, தவுக்கே, எடுத்துக்கொள்வார். இஸ்திரிப்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளுவார். கையால் தொடுமளவுக்கு அதற்கு மரியாதை இல்லை.

ஒரு நாள் வாங்கிய பெட்டியில், மூக்கு உடைந்த டீக்கூஜா ஒன்றும் வட்டத் தட்டு ஒன்றும் இருந்தன. இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. காந்தம் இரண்டையும் சட்டை செய்யவில்லை. மைத்துனன் நக்கினான். கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளி, மச்சான்" என்றான்.

என் தங்கைக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்திருந்த நேரம். மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கிள்ளான் கடைத்தெருவில் பாத்திரக் கடை. வெள்ளி வேண்டுமென்று அந்த மனுஷர் வாயைத் திறக்கவே இல்லை. நானாகத்தான் நெஞ்சை நிமிர்த்தி, நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளித் தட்டு வைக்கிறோம் என்று அறிவித்தேன். பாத்திரக்காரரிடம் போய்ப் பாத்திரத்தில் பவுசு காட்டும் மூளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? சொன்னபடியே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். அவர் வாங்கி, நகத்தால் விளிம்பைச் சுண்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மரியாதை என்று கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மிச்சமிருந்த கூஜாவைக் கட்டியாக உருக்கித் தங்கைக்குக் கொலுசு செய்யலாம் என்று அடுப்பில் வைத்தோம். அப்படியே கொண்டுபோனால் உடைசல் என்று பத்தருக்குத் தெரிந்துவிடும், பத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். வெள்ளி உருக அரை நாள் துருத்தி ஊத வேண்டும் என்று மைத்துனன் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பாடம் முடிவதற்குள் கூஜா கரிமேல் முழங்காலிட்டது. பிறகு குப்புற விழுந்தது. பிறகு கூஜாவே இல்லை. சாம்பலில் ஒரு குட்டைதான் மின்னியது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க வெறுமனே அடுப்புல வச்ச ரசச் சொம்பும் இப்படித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஈயம். இந்த ஊர் மண்ணில் லம்பம் என்று சுரங்கம் சுரங்கமாகத் தோண்டுகிறார்களே, அதே ஈயம். கப்பலேறிச் சீமைக்குப் போய், துரை வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, என்னிடம் வெள்ளி என்று சலாம் வாங்கிக்கொண்டது.

கூஜா ஈயமென்றால் அதோடு வந்த தட்டும் ஈயம்தானே? எனக்கு இதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. சம்பந்திக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும், தங்கை வீட்டோடு இருப்பாள், குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க என்னைப் பார்த்துக் காறித் துப்பும் என்று வரிசையாகக் கண்முன் ஓடியது. ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், தட்டுக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றார் சம்பந்தி. மைத்துனனிடம் வழி கேட்டேன். கேட்டேன் பாருங்கள், அவனிடம்! "வெள்ளின்னே சாதிங்க மச்சான். நம்பலைன்னா நக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றான்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் கோயில் மண்டபத்து வாசலுக்கு வந்து இறங்கினார்கள். சம்பந்தி கையில் பட்டுத்துணி சுற்றிய தட்டு. "பொண்ணு வீட்டுத் தட்டு. இதுலயே சூடம் ஏத்துங்கம்மா" என்று எங்கள் அத்தையிடம் கொடுத்தார். அத்தையும் வெற்றிலை கிற்றிலை எதுவும் வைக்காமல், தட்டின் நடுவிலேயே ஒரு கட்டிச் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தாள்.

என் கண்ணுக்குக் கூஜா முழங்காலிட்டதுதான் தெரிந்தது. எல்லார் முன்னாலும் தட்டு உருகி மாப்பிள்ளையின் காலில் ஒழுகப் போகிறது. பாய்ந்து பிடுங்கினேன். சூடத்தை வாயால் ஊதினேன். அணையவில்லை, உள்ளங்கையால் அமுக்கினேன்.

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளைக்குச் சுற்ற ஏற்றிய சூடத்தை ஊதி அணைத்த பெண்ணின் அண்ணனை அந்த மண்டபம் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "சூடத்தை ஊதுற வீட்ல பொண்ணு எடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? வாடா, போவோம்" என்றார். மாப்பிள்ளை மாலையோடு தாயைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். உள்ளே மணையில் உட்கார்ந்திருந்த என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தி என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான் உளறிவிட்டேன். கூஜா, அடுப்பு, ஈயம், நாக்கு, எல்லாம். அவர் இடுப்புச் சாவியை எடுத்துத் தட்டின் அடிவிளிம்பைச் சுரண்டினார். சிவப்பு தெரிந்தது.

"செம்புய்யா. மேல வெள்ளி முலாம். கூஜா வேற, தட்டு வேற. இதுல சூடம் என்ன, சோறே ஆக்கலாம்" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"சுண்டுனப்பவே. வெள்ளின்னு நீங்கதானே சொன்னீங்க, நானா கேட்டேன்? பொண்ணு நல்ல பொண்ணு. தட்டையா கட்டிக்கப் போறான் என் மவன்?"

பிறகு வாசலுக்குப் போய், சூடம் கையில் விழுந்து நான் பதறிவிட்டதாக மனைவியிடம் சொன்னார். என் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கொப்பளித்திருந்தது. அந்த அம்மாள் கொப்பளத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டில் கொப்பளத்தை நம்பி எழுந்தார். அத்தை அதே தட்டில் வேறு சூடம் ஏற்றினாள். தட்டு உருகவில்லை. முகூர்த்தத்துக்குள்ளேயே தாலி கட்டியாயிற்று. நான் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, மறு கையால் பந்திக்கு அப்பளம் போட்டேன்.