ஊதாப் பென்சிலும் வண்டல் மண்ணும்

என் அக்கா வீட்டுக்காரரின் நிலத்தை நான்தான் ஒரே வாக்கியத்தில் தொழிற்சாலைக்குத் தாரை வார்த்துவிட்டேன் என்று தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடையில் மனதார நம்பினேன். ஒரகடம் போகிற சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவனின் அபிப்பிராயத்தைக் கேட்டுத்தான் சர்க்கார் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் என்று நம்புகிற அளவுக்கு எனக்கு என்மேல் மரியாதை இருந்தது.

ஒருநாள் ஒரு சர்க்கார் ஜீப் என் கடை முன்னால் நின்றதற்குக் காரணம் என் புகழ் அல்ல. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிவிட்டது. டிரைவர் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு என்னிடம் குடம் கேட்டார். பின்னாலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இறங்கி, கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பெரிய வரைபடத்தின் ஒரு ஓரத்தை மட்டும் பிரித்து என் வாடகை சைக்கிளின் சீட்டு மேல் வைத்துக்கொண்டார். மெட்ராஸ் நகரமைப்பு ஆபீஸிலிருந்து வருவதாகவும், எந்த இடத்தில் எதற்கு நிலம் பயன்படுகிறது என்று பார்த்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். பிறகு சாலைக்கு எதிர்ப்பக்கம் கைகாட்டி, “இங்கெல்லாம் என்னங்க பயிர் வைக்கிறாங்க?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கையில் காகிதத்தோடு வருகிறவர் யாராக இருந்தாலும், நிலத்தைப் பற்றிக் கேட்டால் அங்கே ஒன்றும் விளையாது என்று சொல்லிவிட வேண்டும். விளைகிறது என்றால் தீர்வை ஏறும். விளையவில்லை என்றால் வறட்சி நிவாரணத்தில் பெயர் சேரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொட்டாவி வந்தால் வாய்க்குமுன் கை போகிறதே, அது மாதிரி தானாக வரும்.

எதிரே இருந்தது மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், நிலம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் விளைகிற ஏரிப்பாசன நிலம். அந்த வருடம் கோடைப் போகமான சொர்ணவாரியை விட்டுவிட்டு, வற்றிக் கிடந்த ஏரியிலிருந்து வண்டல் மண்ணை வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். சம்பாவுக்கு நிலம் புதுசாகிவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் அன்று நிலத்தில் ஒரு புல் இல்லை. மண் குவியல் குவியலாகக் கிடந்தது.

“இதா சார்? சுத்தத் தரிசு. இந்தப் பக்கம் பறக்கிற காக்கா கூட படப்பை பஜார்லியே கட்டுச்சோறு கட்டிக்கினுதான் வரும்” என்றேன்.

கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அது போதும். யாராவது நாலு பேர் சிரித்தால் நான் என் சொந்த வீட்டையே தரிசு என்று சொல்லிவிடக்கூடியவன். அவர் சிரித்து முடித்து, பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வரைபடத்தில் ஏதோ கோடு போட்டார். நான் நின்ற இடத்திலிருந்து வரைபடம் தெரியவில்லை, பென்சில்தான் தெரிந்தது. ஊதா நிறப் பென்சில்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம், பேச்சு வளர்க்கத்தான், கேட்டேன்: “இன்னாண்ணே, உங்க சார் கலர் பென்சில்லாம் வெச்சிகிறாரு? ஸ்கூலு போறாரா?”

“அதுவா? பச்சைன்னா வெவசாயம். மஞ்சான்னா வூடு. ஊதான்னா ஃபேக்டரி” என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

குடத்தோடு அப்படியே நின்றேன். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியபோது எதிரே மாமாவின் வண்டி வந்துகொண்டிருந்தது. வண்டல் நிரம்பி அச்சு கிறீச்சிட்டது. மாமா முட்டிக்கு மேல் வரைக்கும் மண்ணாக இருந்தார். “இன்னா மச்சான், யாரு ஜீப்பு?” என்று கேட்டார்.

“தண்ணி கேட்டாங்க மாமா, குடுத்தேன்.”

அது பொய் இல்லை. அதனால்தான் அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே பயமாக இருக்கிறது. பஞ்சர் ஒட்டும்போது ஊதா தெரிந்தது. கத்திரிக்காய்க் குழம்பைப் பார்த்தால் ஊதா. ஒருநாள் பக்கத்து வீட்டம்மா ஊதாப் புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் எடுக்க வந்தபோது, வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வரிசையாக நான்கு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. மாமாவோ தினம் வண்டி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டி கொட்டும்போதும் நான் திரும்பி நின்று, காற்று குறையாத டியூபுக்குக் காற்றடித்தேன்.

அதிகாரி கிளம்பும்போது, மறுபடியும் இந்தப் பக்கம் வருவோம் என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறை வரும்போது நிலம் பச்சையாகத் தெரிந்தால் பச்சைப் பென்சிலை எடுத்துத்தானே ஆக வேண்டும்? மணிமங்கலத்தில் நடவு முடித்தவர் ஒருவரிடம் மிச்சம் கிடந்த நாற்றுக் கட்டுகளைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். மாமா ஏரிக்குப் போயிருந்த நேரம். சாலை ஓரமாக ஒரு கீற்று நிலத்தில் மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உழவு இல்லாமல், சேறு இல்லாமல், விரலால் குத்திக் குத்தி நட்டேன். நாடகத்துக்குப் படுதா கட்டுவது போல. ஜீப்பிலிருந்து பார்த்தால் பச்சை. நான்கு அடி உள்ளே வந்தால் பொட்டல்.

மாமா வண்டியோடு திரும்பி வந்து, நடவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்த ஊரு நடவு மச்சான் இது?”

“சும்மா மாமா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு.”

“உனுக்குக் கண்ணு குளிரணும்னா கண்ணுல தண்ணி ஊத்திக்க. என் வண்டி எப்டி உள்ள போறது?”

பின்னால் சோற்றுக்கூடையோடு வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “வெய்யிலு ஏறிப்போச்சு இவனுக்கு. டேய், ஊட்டுக்குப் போய் மோரு குடிச்சிட்டுப் படுறா.” மாமா வண்டியை என் நடவு மேலேயே ஓட்டிக்கொண்டு உள்ளே போனார். மிதிபடாத நாற்றும் சாயங்காலத்துக்குள் படுத்துவிட்டது.

அது படுத்த இரண்டாம் நாள் ஜீப் வந்தது.

ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். வழக்கமாக வாயில் தயாராக இருக்கிற எந்த வேடிக்கையும் அன்று வரவில்லை. “சார், நான் அன்னிக்குச் சொன்னது பொய். இது தரிசு இல்ல. மூணு போகம் வெளையிற பூமி. எங்க அக்கா புருஷன் நெலம். வண்டல் அடிக்கிறதுக்காகச் சும்மா போட்டிருக்காரு. தயவுபண்ணி அந்த ஊதாவ அழிச்சிடுங்க” என்றேன். கடையில் இருந்தவர்கள் இதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. இறங்கி வந்து, இந்த முறை வரைபடத்தை முழுதாக விரித்துக் காட்டினார். சாலையின் இரண்டு பக்கமும் ஊதா. பென்சில் ஊதா இல்லை, அச்சிலேயே வந்த ஊதா. என் கடை, எதிரே மாமாவின் நிலம், அதற்குப் பின்னால் யார் யார் நிலமோ, எல்லாம். அன்றைக்கு அவர் போட்ட பென்சில் கோடு அதன் மேல் ஒரு சின்னக் கீறல்.

“இது கலரோடதாங்க மெட்ராஸ்லேர்ந்து வந்துச்சு. நான் போட்டது, இந்த இடத்தைப் பார்த்தாச்சுன்னு ஒரு டிக்.”

“அப்போ எங்களை எதுக்கு சார் கேட்டீங்க?”

“கேக்கச் சொல்லி ஆர்டர். கேட்டோம்.”

“நான் சொன்னத எழுதிக்கலியா?”

“எழுதல” என்றவர் கொஞ்சம் தயங்கி, “ஆனா அந்தக் காக்கா ஜோக்கை ஆபீஸ்ல சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க” என்றார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் இல்லை. நான் காரணம் இல்லை. ஜீப்பில் இருந்தவர்களுக்கும் கடையில் இருந்தவர்களுக்கும் டீ வரவழைத்தேன். டிரைவருக்கு பன்னும் சேர்த்து. ஊதா என்பது எவ்வளவு அழகான நிறம் என்று கூடச் சொன்னதாக ஞாபகம். டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நிலம் போகப்போகிறது என்கிற விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. ஜீப் போன பிறகு, எதிரே வண்டி கிறீச்சிடும் சத்தம் கேட்டபோதுதான் ஏறியது.

சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மாமா குவியலை மண்வெட்டியால் பரப்பிக்கொண்டிருந்தார். கை நிறைய வண்டலை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். “மோந்து பாரு மச்சான். சோத்துல போட்டுத் துன்லாம்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு வருவது ஒன்றுதான், அதைச் செய்தேன். “நல்லா அடிங்க மாமா. நாளைக்கு இங்க வர்ற ஃபேக்டரிக்காரன் வாசல் கேட்டாண்ட ரோஜாச் செடி வெப்பான். உங்க வண்டல்ல சும்மா ஜம்முனு பூக்கும்.”

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். வரப்பில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு, “கேட்டியா உன் தம்பி பேச்ச? ஃபேக்டரிக்காரனுக்கு ரோஜாப்பூ தோட்டம் போடச் சொல்றான் என்னை” என்றார். அக்காவும் சிரித்தாள். நான் சொன்னது நிஜம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

மாமா அந்தக் கோடை முழுக்க வண்டல் அடித்தார். சம்பா நன்றாக விளைந்ததால் அடுத்த கோடையிலும் அடித்தார். அதற்குப் பிறகு சில வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். மேல்மண் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு ஆகாது என்று பொக்லைன் வைத்து வழித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.