நல்ல தண்ணியில் அலசிய கிட்டார்

எங்கள் ஊர் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். கடல் தொழில் செய்யும் நான், நாற்பத்திரண்டு வயதில் செல்போனைப் பார்த்து கிட்டார் பழக ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் பாதிப் பாட்டு வந்துவிட்டது. தலைகால் புரியவில்லை!

ஒருநாள் கரையேறிய ஈரக் கையோடு எடுத்து வாசித்துவிட்டேன். உப்புத் தண்ணி பட்ட எதையும் நல்ல தண்ணியில் அலசிக் காயவைப்பது எங்கள் பழக்கம். வலை, இன்ஜின் எல்லாம் அப்படித்தான். கிட்டாருக்கும் இரண்டு சொம்பு ஊற்றி, மீன் காயும் இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் சாய்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு சுருதி சேரவே இல்லை. மூன்று வாரம் முட்டி மோதினேன்.

"மாமா, உனுக்கு வயசாயிட்ச்சு. வெரலு மரத்துப்போச்சு, வுட்டுடு" என்றான் மச்சான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. விற்றுவிடலாம் என்று மனைவி செல்வியோடு பொன்னேரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பசை வுட்டு பலகை தூக்கினு நிக்குது? தண்ணில போட்டியா?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "குளிப்பாட்டி காயவெச்சாரு. நல்லவேளை, உப்பு தடவல."

கடைக்காரர் சிரித்து முடிக்கவே நேரமானது. "உன் கையில கொறையில்லண்ணா. இத எவன் வாசிச்சாலும் இப்டிதான் கேக்கும். விக்காத, ஒட்டித் தரேன்" என்றார்.

இப்போது கையை நன்றாகத் துடைத்த பிறகே தொடுகிறேன். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து உறையில் போடுகிறேன். வாசிப்பு சரியில்லாத நாளில், "எனக்கு வராது" என்று சொல்வதற்கு முன் கிட்டாரை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுகிறேன்.