பனிச்சங்கேணித் துறையில் ஒரு தாலிகட்டு

காட்டு விலங்குகளைப் பார்க்கவென்று பாசிக்குடாவிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே நடந்து வந்திருக்கிறேன். பனிச்சங்கேணித் துறையில் ஒன்று நிற்கிறது. தனி யானை. அக்கரைக்குப் போகும் தோணிக்குப் பக்கத்தில், களப்பின் உப்பங்கழித் தண்ணீரில் நிதானமாகக் குளிக்கிறது.

என்னோடு கரையில் காத்திருப்பவர்கள் ஒரு மாப்பிள்ளையும் அவருடைய உறவினரும். பெண் வீடு அக்கரையில். முகூர்த்தம் நெருங்குகிறது.

"விரட்ட முடியாதா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்கிறேன்.

"விரட்டினா அதுதான் நம்மள விரட்டும் ஐயா. போன மாசம் தோணிக்காரர மரத்தில ஏத்திட்டுது."

அவர் தாலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்காருகிறார். அழுதுவிடுவார் போலிருக்கிறது.

அப்போது அக்கரையிலிருந்து வேறொரு தோணி புறப்படுகிறது. யானையை விட்டு நன்றாக விலகி வந்து கரை தட்டுகிறது. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண் இறங்குகிறாள். பின்னால் குருக்கள் நிறைகுடத்தோடு இறங்குகிறார்.

"ஆனை வழி விடுமட்டும் இஞ்ச இரிக்கலாமெண்டு நினைச்சீங்களா மச்சான்?" என்கிறாள்.

மாப்பிள்ளை தாலிப் பெட்டியோடு எழுகிறார். மணலிலேயே கும்பம் வைக்கிறார்கள். யானை இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறது. தாலியை எடுத்த மாப்பிள்ளை அவசரமாகக் கட்டப் பார்க்கிறார், முடிச்சு விழவில்லை.

பெண் குனிந்த தலை நிமிராமல் சொல்கிறாள்: "அவசரமில்ல, ஆறுதலாக் கட்டுங்க. நான் எங்கயும் போகமாட்டன்."